சிவப்புக் கோட்டின் அலைநீளம்

வர வைக்கத் தெரியலையா. அப்படித்தான் கேட்டாள். கேட்டுக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பெண் தாளை எடுத்துக்கொண்டு இருட்டறையின் கறுப்புத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள், மற்றப் பிள்ளைகள் அவரவர் மேஜையில் குனிந்துகொண்டார்கள், அட்டெண்டர் கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது, அந்த மூன்று சொல் மட்டும் செண்பகவல்லியின் வாயை விட்டுப் போகாமல் கிடந்தது, தண்ணீர் இல்லாமல் விழுங்கின மாத்திரை அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி. பாளையங்கோட்டையில் ஏழு மணி பஸ் பிடித்து, ஜன்னலோரம் கிடைக்காமல், இந்தக் கரிசல் காட்டுக் கல்லூரிக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினராக வந்து இறங்கியபோது அவளுக்கு யார்மேலும் கோபம் இல்லை. பி.எஸ்ஸி. கடைசி வருஷத்து பிசிக்ஸ் பிராக்டிகல். வருஷா வருஷம் வருகிற வேலை. பத்து மணிக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு சோதனை, ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தால் சாப்பாடு, மத்தியானம் இன்னொரு பேட்ச், ஐந்து மணிக்கு பஸ். இதில் எந்த இடத்தில் அந்த வார்த்தை ஏறிக்கொண்டது? பதினொன்றே காலுக்கு அந்தப் பெண் தாளை நீட்டினாள். பேராச்சி செல்வி என்று ரெக்கார்டு நோட்டின் அட்டையில் எழுதியிருந்தது. ஒல்லியான, நெற்றியில் வியர்வை ஒட்டின பெண். ரீடிங்கைப் பென்சிலில் எழுதி எக்ஸாமினரிடம் காட்டிவிட்டுத்தான் பேனாவால் எழுத வேண்டும், அதற்காக நீட்டினாள். அவ்வளவுதான். ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம்.

ஆனால் தாளில் சிவப்புக் கோட்டுக்கு நேரே 5472 என்று இருந்தது. ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 6563 ஆங்ஸ்ட்ராம். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள், சொந்த வீட்டுக் கதவு எண் மறந்தாலும் இது மறக்காது. கண்ணாடிக் குழாயில் ஹைட்ரஜனை அடைத்து மின்சாரம் பாய்ச்சினால் ரோஜா நிறத்தில் எரியும். அந்த வெளிச்சத்தை கிரேட்டிங் என்கிற கீறல் போட்ட கண்ணாடித் துண்டு வழியாக அனுப்பினால் ரோஜா நிறம் உதிர்ந்து, இருட்டில் தனித்தனிக் கோடாக நிற்கும். ஒரு சிவப்பு, ஒரு நீலப்பச்சை, கண்ணுக்குப் பட்டும் படாமலும் ஒரு ஊதா. ஒவ்வொரு கோடும் எத்தனை டிகிரி விலகி நிற்கிறது என்று தொலைநோக்கியைத் திருப்பி அளந்து, கிரேட்டிங்கில் மீட்டருக்கு எத்தனை கீறல் என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் அலைநீளம் வந்துவிடும். சோதனை அவ்வளவுதான். அதில் உள்ள ஒரே சங்கடம், விடை எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும் என்பது. 6563, 4861, 4340. புத்தகத்தில் இருக்கிறது, சீனியர் நோட்டில் இருக்கிறது, சில பிள்ளைகள் ஸ்கேலின் பின்பக்கம்கூட எழுதி வைத்திருக்கும். இத்தனை இடத்தில் எழுதிக் கிடக்கிற விடையை விட்டுவிட்டு ஒரு பெண் 5472 என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கிறாள், அது பச்சை நிறத்தின் அலைநீளம், அடுத்தது 4056, அதற்கடுத்து ஊதாவுக்கு நேரே கட்டம் காலி, தெரியவில்லை என்று ஒரு சொல். செண்பகவல்லிக்கு ஏன் அப்படிச் சிரிப்பு வந்தது? வந்தது, அதைத் தடுக்காமல் விட்டாள், அந்த எண்களை எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். "சிவப்பு ஐயாயிரத்து நானூற்று எழுபத்திரண்டு. நீலப்பச்சை நாலாயிரத்து ஐம்பத்தாறு. இது எந்த ஊரு ஹைட்ரஜன்மா?" ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எக்ஸாமினர் சிரித்தால் சிரிக்கத்தானே வேண்டும். பேராச்சி, "மூணு தடவை பாத்தேன் மேடம், அதுதான் வந்துச்சு," என்றாள். அவள் குரலில் திமிர் இல்லை, அதை இப்போது நினைத்துப் பார்த்தால் நன்றாகவே தெரிகிறது, கடையில் வாங்கின சாமானைக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரித்தான் சொன்னாள். "ஊதா எங்க?" "தெரியல மேடம்." "ரெக்கார்டுல மட்டும் எப்படித் தெரிஞ்சுது? 4340-ன்னு எழுதியிருக்கியே." பேராச்சி ரெக்கார்டு நோட்டைப் பார்த்தாள். "கண்ணை டெஸ்ட் பண்ணிக்கோ. அதுதான் வந்துச்சுன்னா என்ன அர்த்தம்? வர வைக்கத் தெரியலையா?"

வர வைக்கத் தெரியலையா. செண்பகவல்லி டீயை எடுத்து ஆடையோடு ஒரு வாய் குடித்தாள். அதற்கு அர்த்தம், திரும்ப ஒரு தரம் கவனமாகப் பார் என்பதுதான், வேறென்ன, லெவல் சரியாக வைத்தாயா, வெளிச்சம் நுழைகிற பிளவு மெலிசாக இருக்கிறதா என்று பார், ஆசிரியர் என்றால் அப்படிக் கேட்பதுதான். இல்லை. புத்தகத்து விடையை வரவழைத்து எழுது என்பதுதான் அர்த்தம், அது அங்கிருந்த மற்றப் பதினோரு பேருக்கும் தெரியும். அட்டெண்டருக்கும் தெரிந்திருக்கும். பேராச்சிக்குத்தான் முதலில் புரியவில்லை, ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அப்புறம் புரிந்தது. புரிந்த அந்த நொடியைச் செண்பகவல்லி பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த தாளை இழுத்துக்கொண்டாள். அதோடு, கண்ணை டெஸ்ட் பண்ணிக்கோ வேறு. அதை ஏன் சொன்னாள்? வேறு எத்தனை வார்த்தை இருக்கிறது திட்டுவதற்கு. இருபத்து நாலு வருஷம் வகுப்பெடுத்ததில் ஒரு பிள்ளையையும் உடம்பைச் சொல்லி, கண்ணைச் சொல்லித் திட்டினதில்லை. இல்லையென்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். கண் என்று வந்தால் அதற்குப் பின்னால் யார் வருவாள் என்று அவளுக்குத் தெரியும், அதனாலேயே அந்தப் பக்கம் போவதில்லை. இன்றைக்கு வாய் தானாகப் போய்விட்டது. கூடப் படித்த ரமலத் மனசுக்குள் வந்துவிட்டாள். கறுப்புத் தலைமுக்காட்டை காதுக்குப் பின்னால் ஒதுக்கி, ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணைத் தொலைநோக்கியில் வைத்துக்கொண்டு, "எங்கடி இருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்கிறாள்.

தொண்ணூற்று மூன்று ஏப்ரல். இதே சோதனை. குலுக்கலில் காலை பேட்ச் ஹைட்ரஜன் செண்பகவல்லிக்கு விழுந்தது, மத்தியான பேட்ச் ரமலத்துக்கு. மூன்று வருஷமும் ஒரே மேஜையில் சேர்ந்து சோதனை செய்தவர்கள், ஒரு டப்பாவில் சாப்பிட்டவர்கள், ரமலத் வீட்டு வட்டிலப்பத்துக்காகப் பெருநாளை எண்ணிக்கொண்டிருந்தவள் இவள். குழாய் பழசு. ரோஜா நிறம் போய், அழுக்குத் தண்ணீர் நிறத்தில் எரிந்தது. சிவப்பு தெரிந்தது, நீலப்பச்சை நூலாகத் தெரிந்தது, ஊதா இல்லை. தொலைநோக்கியை முடி அகலம் முடி அகலமாகத் திருப்பினாள். கண்ணீர் வழிந்து லென்ஸில் ஒட்டியது, துடைத்தாள், பார்த்தாள், இல்லை. பன்னிரண்டு மணி. யுனிவர்சிட்டியில் முதல் ராங்க் அவளுக்குத்தான் என்று டிபார்ட்மெண்டே சொல்லிக்கொண்டிருந்தது, அப்பா மில்லில் தன் ஷிப்ட் ஆட்களிடம் சொல்லியே விட்டார். அப்போது கை, அவள் சொல்லாமலே, லாக் புத்தகத்தைத் திறந்தது. 4340-ஐக் கீறல் எண்ணால் பெருக்கி, சைன் அட்டவணையில் தேடி, கோணத்தை எடுத்து, அளந்த மாதிரித் தெரிய அதற்கு ஒரு நிமிஷம், டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, கூட்டி, விடையிலிருந்து பின்பக்கமாக நடந்து, பார்க்காத கோடு எந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து எழுதினாள். பேக் கால்குலேஷன் என்று பிள்ளைகள் சொல்வார்கள், சொல்லிச் சிரிப்பார்கள், அதைச் செய்யாதவர்கள் அந்த லேபில் இருந்திருக்க மாட்டார்கள், அப்படித்தான் முப்பது வருஷமாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஊதாவுக்கு எழுதினபின் மற்ற ரெண்டும் அதன் பக்கத்தில் அசிங்கமாகத் தெரிந்தன. பார்த்த ரெண்டையும் அழித்து, அவற்றையும் பார்க்காததைப் போலவே விடையிலிருந்து எழுதினாள். எக்ஸாமினர் வயதானவர், வாயில் பாக்கு, தாளைப் பார்த்து, "வெரி நீட்," என்றார். அந்த ரெண்டு சொல்லுக்கு முன்னால் நின்று அவள் தலையைக் குனிந்தாள், அதை அடக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார். நூற்றுக்கு நூறு.

அதோடு போயிருந்தால் சரி. மத்தியானம் வெளியே வராந்தாவில் ரமலத் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "செம்பு, உனக்கு ஊதா தெரிஞ்சுதா? உள்ள போகப் போறேன், சொல்லுடி." தெரியலை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல், அதுவும் உண்மை. ஆனால் சொல்லியிருந்தால் அப்புறம் எப்படி எழுதினாய் என்று அவள் கேட்பாள், கேட்டுச் சிரித்திருப்பாள், திட்டக்கூட மாட்டாள், ரமலத்துக்கு அவ்வளவுதான் கோபம் வரும். "தெரிஞ்சுது," என்றாள் செண்பகவல்லி. "மங்கலா. நல்லா உத்துப் பாத்தா தெரியும்." ரமலத் மூன்று மணி நேரமும் உற்றுப் பார்த்தாள். சிவப்பையும் நீலப்பச்சையையும் சரியாக எழுதுவதற்கு நேரம் இல்லாமல் உற்றுப் பார்த்தாள். அறுபத்தொன்று. அந்த மார்க்கில் எம்.எஸ்ஸி. இடம் கிடைக்கவில்லை. அதைவிட, அடுத்த வாரம் அவள் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஜங்ஷனில் கண் டாக்டரிடம் போனாள். தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டாள். டாக்டர் எழுத்தையெல்லாம் படிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பினாராம், அதையும் அவளே வந்து சொன்னாள், "ஒண்ணுமில்லைங்காரு, ஆனா உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே," என்று. அப்போதும் செண்பகவல்லி வாயைத் திறக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது ரமலத் தன் மகளை முன்னால் இழுத்து நிறுத்தி, "இவதான் எங்க காலேஜ் கோல்ட் மெடல். எனக்குத் தெரியாத கோடெல்லாம் இவளுக்குத் தெரியும்," என்றாள். அதில் குத்தல் இல்லை. குத்தலாக இருந்திருந்தால் இவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மகள் வகுப்பில் எழுந்து நிற்கிற மாதிரி மரியாதையாக நின்றாள். பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு வேறு ஊர் பஸ்ஸில் ஏறி அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டாள் செண்பகவல்லி.

இருட்டறையிலிருந்து டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசிக்கத் தேவையில்லை. சோதனையைச் செய்துகொண்டிருக்க மாட்டாள். கால்குலேட்டரை எடுத்திருப்பாள். இந்தக் காலத்தில் லாக் புத்தகம்கூட வேண்டாம், ரெண்டு பொத்தான். செண்பகவல்லி கேள்வித்தாள் உறையின் ஓரத்தில், கை சும்மா இருக்க மாட்டாமல், அந்தப் பெண்ணின் எண்களை எழுதினாள். 5472. 4056. பரிகாசம் செய்து உரக்கப் படித்ததால் மனப்பாடமாக இருந்தது. தப்பான எண்கள். ஆனால் தப்பு என்றால் என்ன மாதிரித் தப்பு? ஒழுங்காக லெவல் வைக்காத பிள்ளைக்கு ஒரு கோடு கூடுதலாகவும் ஒரு கோடு குறைவாகவும் வரும், தாறுமாறாக வரும். இது ரெண்டுமே குறைந்திருக்கிறது. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தாள். ஒன்று புள்ளி மூன்று நான்கு ஒன்பது. பேனா அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாம் படியிலிருந்து ரெண்டாம் படிக்கு விழுகிற எலெக்ட்ரான் சிவப்பைத் தரும், நான்காம் படியிலிருந்து விழுவது நீலப்பச்சையைத் தரும், கால் கழித்தல் ஒன்பதில் ஒன்று, கால் கழித்தல் பதினாறில் ஒன்று, முப்பத்தாறில் ஐந்து, பதினாறில் மூன்று, ஒன்றை ஒன்றால் வகுத்தால் இருபதுக்கு இருபத்தேழு. ஒன்று புள்ளி மூன்று ஐந்து. அது கிரேட்டிங்கைச் சார்ந்ததில்லை, ஊரைச் சார்ந்ததில்லை, எந்த ஹைட்ரஜனானாலும் அதுதான். இது எந்த ஊரு ஹைட்ரஜன்மா. அந்தப் பெண் கோடுகளைப் பார்த்திருக்கிறாள். சரியாகப் பார்த்திருக்கிறாள். அளந்திருக்கிறாள். தப்பு அவளிடம் இல்லை, வேறு எதிலோ இருக்கிறது.

பக்கத்தில் அடுக்கியிருந்த ரெக்கார்டு நோட்டுகளை எடுத்தாள். ஒன்று, ரெண்டு, ஐந்து, எட்டு. எல்லாவற்றிலும் சிவப்புக் கோட்டின் கோணம் 23 டிகிரி 11 நிமிஷம். ஒரு நோட்டில்கூட 10 இல்லை, 12 இல்லை. பன்னிரண்டு பேர் பன்னிரண்டு நாளில் பார்த்தது ஒரே நிமிஷத்தில் வந்து நிற்கிறது. பேராச்சியின் நோட்டிலும் அதுதான். வருஷம் முழுக்க எல்லாரையும் போல அவளும் எழுதியிருக்கிறாள், பரீட்சைக்கு வந்த இடத்தில், யார் சொல்லியோ, சொல்லாமலோ, உள்ளதை எழுதினாள். அதற்குத்தான் இந்த மரியாதை. "ஜெபக்குமார் சார்," என்று கூப்பிட்டாள். இந்தக் கல்லூரியின் வாத்தியார், இன்டர்னல் எக்ஸாமினர், முப்பத்தைந்து வயதிருக்கும், காலையிலிருந்து அவளுக்கு ஃபேனைத் திருப்பி வைப்பதும் தண்ணீர் கொண்டுவரச் சொல்வதுமாக இருக்கிற நல்ல மனுஷன். "அந்த கிரேட்டிங் என்ன சார்? சோதனை மேஜையில வச்சிருக்க கார்டுல மீட்டருக்கு ஆறு லட்சம் கீறல்னு போட்டிருக்கே?" அவர் கொஞ்சம் யோசித்தார். "அது பழசு மேடம். போன வருஷம் கீழ விழுந்து உடைஞ்சிருச்சு. இப்ப இருக்கது அஞ்சு லட்சம். கார்டு மாத்தாம விட்டுட்டோம் போல." "பிள்ளைங்க யாரும் சொல்லலையா?" "இல்ல மேடம்," என்றார் அவர், கபடமில்லாமல், "எல்லாருக்கும் 6563 வந்துச்சே." சொன்னபிறகு அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க ரிப்போர்ட்ல எழுத வேண்டாம் மேடம், நான் இன்னைக்கே கார்டு மாத்திர்றேன்," என்று மெதுவாகச் சொன்னார். செண்பகவல்லி நோட்டுகளை மறுபடி அடுக்கினாள். ரிப்போர்ட் எழுத அவள் யார். அவள் கல்லூரி அலமாரியிலும் இதே மாதிரி நோட்டுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து இருக்கிறது.

5472-ஐ ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தாள். 6566. மூன்றே ஆங்ஸ்ட்ராம் பிசகு. இந்தக் கருவியில், இந்தப் பழைய குழாயில், இப்படி ஒரு ரீடிங் அவள் வாழ்நாளில் எடுத்ததில்லை. எடுத்த ரெண்டையும் அழித்தவள்தானே. இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்தது, தெளிவாக இருந்ததுதான் கஷ்டம். பேசாமல் இருந்துவிடலாம், அந்தப் பெண் வந்து 6563 காட்டுவாள், நல்ல மார்க்காகப் போட்டுவிடலாம், திட்டினதற்கும் சேர்த்து ரெண்டு மார்க் கூடப் போட்டால் கணக்கு நேராகிவிடும், அவளுக்கும் அதுதானே வேண்டும், மார்க் வந்தால் பி.எட்., பி.எட். முடித்தால் வேலை. இதைத்தான் நினைத்தாள், நினைத்துவிட்டுச் சட்டென்று பயந்தாள், ஏனென்றால் வராந்தாவில் நின்று தெரிஞ்சுது என்று சொன்ன அந்தக் குரல் இன்னும் அப்படியே இருந்தது, கொஞ்சம்கூட வயதாகாமல், அதே மாதிரி நியாயம் பேசிக்கொண்டு. அப்போதுதான் திரை விலகியது. பேராச்சி வெளியே வந்தாள். தாளை நீட்டினாள். 6563, 4861, 4340. ஊதாக் கட்டமும் நிரம்பியிருந்தது. அழித்த இடம் பென்சில் கரியாகப் பரவியிருந்தது. "இப்ப வந்துருச்சு மேடம்," என்றாள். அழுத அடையாளம் இல்லை. அது இருந்திருக்கலாம் என்று செண்பகவல்லிக்குப் பட்டது.

"நீ முதல்ல எழுதினதுதான் சரிம்மா," என்றாள். குரல் எழும்பவில்லை, திட்டினபோது மட்டும் எப்படி எழும்பியது என்று நினைத்து, மறுபடி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "கார்டுல நம்பர் தப்பா இருக்கு. நீ பாத்தது சரி. நான்தான் தெரியாம திட்டிட்டேன்." பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். பேராச்சி அவளைப் பார்த்தாள், ஜெபக்குமார் சாரைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். பாம்பு கிடக்கிறதா கயிறு கிடக்கிறதா என்று காலைத் தூக்கியபடி நிற்கிறவளைப் போல நின்றாள். பிறகு, "இல்ல மேடம்," என்றாள். "முதல்லதான் தப்பாப் பாத்துட்டேன். இப்ப கரெக்டாப் பாத்தேன். 6563 தான் வந்துச்சு." "ஊதா?" "தெரிஞ்சுது மேடம்." கொஞ்சம் நிறுத்தி, "மங்கலா," என்றாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் இந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. தடுமாறாமல், கண்ணைத் தாழ்த்தாமல், இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டுவிட்டாள். செண்பகவல்லி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். முழங்கால் மேஜையில் இடித்தது, வலித்தது, அந்த வலி வேண்டியிருந்தது. "உள்ள வா. எனக்கு ஒரு தடவை காட்டு," என்றாள்.

இருட்டறையில் சூடான தூசி வாசனை. குழாய் ரோஜா நிறத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. பேராச்சி தொலைநோக்கியைத் தொடவே இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது, அது முன்பு சிவப்பில் வைத்த இடத்திலேயே நின்றது. செண்பகவல்லி குனிந்து கண்ணை வைத்தாள். சிவப்புக் கோடு தொலைநோக்கிக்குள் தெரிகிற குறுக்குக் கம்பியின்மேல் அவ்வளவு நேராக உட்கார்ந்திருந்தது. எவ்வளவு பொறுமையாக வைத்திருக்கிறாள். "ஸ்கேலைப் படிம்மா," என்றாள். பேராச்சி சின்ன விளக்கைப் பிடித்து, லென்ஸை வைத்து, குனிந்தாள். ஸ்கேலைப் பார்த்துக்கொண்டே, "இருபத்து மூணு டிகிரி பதினோரு நிமிஷம்," என்றாள். கண்ணுக்கு முன்னால் பத்தொன்பது இருக்கும்போது இருபத்து மூன்று என்று படித்தாள். செண்பகவல்லிக்கு அந்த இருட்டு நல்லதாக இருந்தது. ஆனால் இருட்டில் சொல்கிறோம் என்பதும் ஒரு சௌகரியம்தானே என்று தோன்றியது, கையை நீட்டி மேஜை விளக்கைப் போட்டாள். இருவர் முகமும் தெரிந்தது.

"நான் படிக்கும்போது இதே சோதனைதான் விழுந்துச்சு," என்றாள். "எனக்கு ஊதா தெரியல. பாக்காமலே எழுதினேன். பாத்ததையும் அழிச்சுட்டு மாத்தி எழுதினேன். என் சிநேகிதிகிட்ட தெரிஞ்சுதுன்னு சொன்னேன். அவ நான் சொன்னதை நம்பி அவ பரீட்சையைக் கெடுத்துக்கிட்டா. இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல." இவ்வளவுதானா. முப்பது வருஷமாகச் சுமந்தது நாலைந்து சின்ன வாக்கியமாக வெளியே வந்து விழுந்துவிட்டது, விழுந்து அங்கேயே கிடந்தது, லேசாகவும் இல்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளிடம் சொல்லாமல் ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்து நிறுத்திச் சொல்கிறாள், அதுவும் அவள் நகர முடியாத இடத்தில். "உங்களுக்கு எவ்வளவு மார்க் போட்டாங்க மேடம்?" என்று கேட்டாள் பேராச்சி. கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நூறு." பேராச்சி அதற்கும் முகத்தை மாற்றவில்லை. "எனக்கு எவ்வளவு போடுவீங்க?" "நீ பாத்ததை எழுதினா, பாத்ததுக்கு என்ன உண்டோ அது. ஊதாவுக்கு மார்க் கிடையாது. கார்டு தப்புக்கு உனக்குக் குறையாது." பேராச்சி கொஞ்ச நேரம் யோசித்தாள். அந்தக் கொஞ்ச நேரம் செண்பகவல்லிக்குத்தான் வைவா, வாய்மொழிப் பரீட்சை, நடந்தது. இந்தப் பெண் தன்னை நம்ப வேண்டும் என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

பேராச்சி மேஜை விளக்கை அணைத்தாள். தொலைநோக்கியில் கண்ணை வைத்து, திருகைக் கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி, கோட்டை மறுபடி கம்பியில் கொண்டுவந்து நிறுத்தினாள். அவசரமே படவில்லை. பிறகு சின்ன விளக்கை ஸ்கேலுக்குக் கொண்டுபோய், லென்ஸைத் தூக்கிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தாள். எழுத அவளுக்குக் கை ஒழியவில்லை. செண்பகவல்லி அவள் தாளை வாங்கி, பென்சிலை எடுத்து, அழித்துக் கரிபடிந்த கட்டத்தின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "பத்தொம்பது டிகிரி," என்றாள் பேராச்சி. செண்பகவல்லி எழுதினாள். "பத்து நிமிஷம்." எழுதினாள். பேராச்சி விளக்கைத் தாளின் பக்கம் திருப்பி எட்டிப் பார்த்தாள்.

"பத்து மேடம்," என்றாள். "பதினொண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

செண்பகவல்லி பார்த்தாள். பதினொன்று என்றுதான் இருந்தது. கை, அவள் சொல்லாமலே, ஒரு நிமிஷம் கூட்டியிருந்தது. பேராச்சி ரப்பரை நீட்டினாள்.